பாலத்துக்கு அப்புறம்

கதவைத் திறந்தபோது என் கையில் பொத்தானுக்குப் பாதி காஜா எடுத்த சட்டை இருந்தது. வெளியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

"முன்னாள் படைவீரர் சங்கத்துல இந்த விலாசம் குடுத்தாங்கம்மா. எங்கப்பாவும் உங்கப்பாவும் ஒரே பட்டாளம். எங்கப்பா திரும்பி வரல."

சண்டை நடந்தபோது அவர் தாய் வயிற்றில் ஆறு மாதமாம். அவருடைய அப்பாவின் கடைசி நாளைப் பார்த்தவர்களில் என் அப்பா ஒருவர்தான் மிச்சமாம். அன்று என்ன நடந்தது என்று கேட்கத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

உள்ளே அழைத்துப்போய்க் கட்டிலைக் காட்டினேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். வலக் கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. புத்தி மட்டும் தெளிவு. அந்த அக்கா நீட்டிய போட்டோவில் அவருடைய அப்பா முதுகில் வயர்லெஸ் பெட்டியோடு நின்றார்; அதைப் பார்த்ததும் அப்பாவின் முகமே மாறிவிட்டது.

"பேச்சு வராதாம்மா?"

"ஒரு வார்த்தை வராதுக்கா."

"உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

சொல்லியிருப்பாராவது! முப்பது வருஷமாகச் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தால் பாலம், கரண்ட் போனால் பாலம், மீட்டர் பார்க்க வந்தவரிடம்கூடப் பாலம். "அந்தப் பாலத்துல நானும் வயர்லெஸ்காரனும்" என்று ஆரம்பித்தால் போதும், தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், அம்மாவுக்கு அடுப்பு ஞாபகம் வரும், நான் தையல் மிஷினைக் கடகடவென்று மிதிக்கத் தொடங்குவேன். "அப்பா, அந்த ரெக்கார்டு தேஞ்சு ரொம்ப நாளாச்சு" என்று ஒருமுறை சொன்னேன். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நல்ல மழைக்கா. ஆத்துல வெள்ளம். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு. எல்லாரும் பாலத்தத் தாண்டிட்டாங்க. உங்கப்பா வயர்லெஸ் பெட்டிய முதுகுல கட்டிக்கிட்டுக் கடைசி ஆளா வந்தாரு. பாதிப் பாலத்துல எங்கப்பா திரும்பிப் பாத்தாரு..."

"பாத்து?"

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வலியில்லாமல் போனார், உங்கள் அம்மா பெயரைச் சொன்னார் என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடலாம். கட்டிலிலிருந்து அப்பா கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேல தெரியாதுக்கா. நான் ஒரு நாளும் உக்காந்து முழுசா கேட்டதில்ல."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "எங்கப்பா உயிரோட வீட்டுக்குத் திரும்பி வந்து இதையே தெனமும் சொல்லியிருந்தா, நானும் எழுந்துதான் போயிருப்பேன்" என்றார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது அப்பாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எழுத்தாகக்கூடத் தேறாத சத்தம். அந்த அக்கா ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, "ம்" என்றார். அப்பா திகைத்து அவரைப் பார்த்தார். மறுபடி ஒரு சத்தம். "ம், அப்புறம்?" அப்பா விடாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த அக்கா ஒவ்வொரு சத்தத்துக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் இடக் கை எதையோ கஷ்டப்பட்டுத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டது. வெகுநேரம் அப்படியே சுமந்தது. பிறகு, சுமந்து வந்த ஆளுக்கு நோகக் கூடாது என்பதுபோல, போர்வையின்மேல் மெல்ல இறக்கி வைத்தது.