வெள்ளைக்காரக் கல்யாணத்துக்கு மரவள்ளிக் கிழங்கு

ஜப்பானியர் வந்த பிறகு வந்த இரண்டாவது தீபாவளியன்று மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு தெருவே அமெரிக்கக் கல்யாண விருந்து சாப்பிட்டது. வறுத்த கோழி, வெண்ணெய் தடவிய வெள்ளை ரொட்டி, மூன்றடுக்குக் கேக். விருந்து நடந்தது சுவரில் கட்டிய ஒரு வேட்டியின் மேல். அந்த மாதம் மலாக்காவில் உப்பு கிடைக்கவில்லை, ரேஷன் அரிசியில் பாதி சுண்ணாம்பு, சவுக்காரம் என்பது பேச்சில் மட்டும் இருந்தது.

வேட்டி கருணாகரனுடையது, அவன் கல்யாணத்துக்கு எடுத்தது. சண்டைக்கு முன்பு அவன் கைப்பிடி சுற்றி ஓட்டும் படக்கருவியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ரப்பர் தோட்டங்களில் படம் காட்டிப் பிழைத்தவன். வெள்ளைக்காரர்கள் ஊரைக் கைவிட்டு ஓடிய அன்று ஜனங்கள் கிட்டங்கிகளை உடைத்து அரிசியும் சீனியும் சைக்கிளும் தூக்கிப் போனபோது, கருணாகரன் வழக்கம்போல் தாமதமாகப் போய், யாரும் தொடாமல் கிடந்த படச்சுருள் டப்பாக்களைத் தூக்கி வந்தான். அவன் மனைவி சந்திரமதி வாசலில் நின்று பார்த்தாள். "ஊரே மூட்டையோட வருது. நீங்க தகரத்தோட வர்றீங்க. இத அவிச்சா திங்கறது, வறுத்தா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அந்த டப்பாக்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. எதிரி நாட்டுப் படம் வைத்திருந்தால் தலை போகும் என்று அறிவிப்பு வந்த பிறகு, அவற்றின் மேல் ஒரு பாய் போடப்பட்டது.

அவர்கள் குடியிருந்த வீடு தெய்வநாயகத்தினுடையது. அவர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழர் வழி. விபூதி பூசுவார், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அந்தத் தீபாவளிக்கு எண்ணெயும் இல்லை, மாவும் இல்லை. மரவள்ளி மாவில் சந்திரமதி பிழிந்த முறுக்கு உரலை விட்டு இறங்க மறுத்தது. பிள்ளைகள் அழுதன. தெய்வநாயகம் பின்கட்டுக் கூடத்தின் சன்னல்களையெல்லாம் சாக்கால் மூடிவிட்டு, அந்தப் படத்தையாவது போடு என்றார். விளக்கு எரிய டைனமோ வைத்த ஒரு சைக்கிளை நிறுத்தி, முன்பு பருமனாக இருந்த தையல்காரர் நல்லையாவை மிதிக்கச் சொன்னார்கள். ஒலிப்பெட்டி எப்போதோ விற்றாகிவிட்டது. படம் ஊமையாக ஓடியது.

கதை சின்னதுதான். அமெரிக்காவில் ஆலைகள் மூடி, வேலை போன ஒரு தச்சனும் அவன் மனைவியும். முதல் காட்சியிலேயே ஒரு லாரி வந்து அவர்கள் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிறது. பசி தாங்காமல் இருவரும் முன்பின் தெரியாத பணக்காரக் கல்யாணத்துக்குள் நுழைகிறார்கள். பெண் வீட்டார் அவர்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று. இந்தத் தந்திரம் நம் ஊரிலும் உண்டு என்பதால் எல்லோருக்கும் உடனே புரிந்தது. புரியாதது ஒன்றுதான். "வெள்ளைக்காரனுக்கும் பசிக்குமா அண்ணே?" என்று நல்லையா மிதித்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் திரையில் கோழியை வெட்டினார்கள், கூடத்தில் நெய் உருகும் வாசம் வந்தது. யாரும் எழவில்லை, யாரும் கை நீட்டவில்லை. வாய்கள் மட்டும் மென்றன. படம் முடிந்ததும் எல்லோரும் பழக்கதோஷத்தில் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார்கள். நல்லையாவின் மீசையில் ரொட்டித் தூள் இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் படம் வேண்டாம், நான் கவிச்சி சாப்பிட மாட்டேன் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதன்படியே நடந்தது.

மழைக்காலம் முழுவதும் தெரு இப்படித் தேறியது. பிறகு ஒரு நாள் கோழிக்கு ஒரு கால் குறைந்திருந்தது. சுருளில் கீறல் என்று கருணாகரன் நினைத்தான். அடுத்த வாரம் கேக் இரண்டடுக்கு. தை மாதத்தில் மாப்பிள்ளை வெறும் தட்டைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தான், மணப்பெண்ணின் கவுன் தோளில் நிற்காமல் நழுவியது, வாத்தியக்காரர்கள் கன்னம் ஒட்டி ஊத முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாசியில் ஒரு மாலை தச்சன் மனைவி நடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி, மென்றுகொண்டிருந்த கூடத்தை ஒரு முறை பார்த்து ஏதோ கேட்டாள். 'சுடா மாக்கான்' என்று மலாயில் கேட்டாள் என்றார் தெய்வநாயகம். இல்லை, சுத்தத் தமிழில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டாள் என்றார் நல்லையா. என்ன மொழி என்பதில்தான் சண்டை. என்ன கேட்டாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"படம்தானே. படத்துக்கு எங்கயாவது பசிக்குமா?" என்று தேவதாஸ் சிரித்தான். அவன் அந்தத் தெருவில் எந்த வேலையும் செய்யாமல் வீட்டில் சீனி வைத்திருந்தவன். சந்திரமதிக்குக் கோபம் வந்தது. "பசிக்காத படத்தோட சாப்பாட்டத்தான் இத்தன நாளா தின்னோமா? ஒரு கல்யாண வீட்டையே தின்னு தீத்துட்டோம். வெக்கமா இல்ல?" என்றாள். மறுநாள் தன் பங்கு மரவள்ளிக் கிழங்கை அவித்தாள். தெய்வநாயகத்தின் மனைவி மீனாச்சி தன்னிடமிருந்த கடைசிப் பெலாச்சான் இறால் கட்டியை இடித்துக் காரச் சம்பல் செய்து தந்தாள். திரைக்குக் கீழே வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. வேட்டியில் ஒட்ட வைத்தால் வேட்டிதான் கறையானது. கடைசியில் சந்திரமதி எரிச்சலில் தட்டை விளக்கு வெளிச்சத்துக்குக் குறுக்கே நீட்டினாள். தட்டின் நிழல் போய்க் கல்யாண மேசையில் உட்கார்ந்தது. தச்சன் மனைவி கையை நீட்டினாள். சந்திரமதியின் கையிலிருந்த தட்டு லேசானது.

அன்று முதல் படம் பார்க்க வருபவர்கள் கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றானது. கிழங்கு, கீரை, சில நாள் கொஞ்சம் கருவாடு. அடுத்த காட்சியில் எல்லோரும் சேர்ந்து அதையே சாப்பிட்டார்கள். கோட்டு போட்ட கனவான்கள் கையால் பிசையப் பழகினார்கள். சம்பல் காரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் மூக்கு ஒழுக நாக்கை விசிறிக்கொண்டார். படத்தின் முடிவும் மாறிவிட்டது. முன்பெல்லாம் திருட்டு விருந்தாளிகளைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுவார்கள். மரவள்ளிக் கிழங்குக்காக ஒருவரைப் பந்தியிலிருந்து எழுப்புவது கேவலம் என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். இப்போது யாரும் யாரையும் தள்ளவில்லை.

தேவதாஸ் தூணுக்குப் பின்னால் உட்காருபவன். பாதித் திரைதான் தெரியும் என்பதால் கேக் இருந்த காலத்தில் அது ஒரு நாளும் அவனை எட்டவில்லை. அந்தக் குறையில் போய்க் காட்டிக்கொடுத்தான். ஜப்பானிய அதிகாரி வாளோடு கூடத்துக்குள் நுழைந்தபோது விருந்து பாதியில் இருந்தது. கருணாகரனுக்கு நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது, கைதான் நிற்கவில்லை. அது சுற்றிக்கொண்டே இருந்தது. அதிகாரி நின்றபடியே பார்த்தார்.

"அமெரிக்காவா?" என்று மலாயில் கேட்டார்.

"அமெரிக்காதான், துவான்" என்றார் தெய்வநாயகம்.

"பணக்காரர்களா?"

"பெரிய பணக்காரர்கள், துவான்."

"கிழங்கா தின்கிறார்கள்?"

"பார்க்கிறீர்களே, துவான்."

அதிகாரி மலாக்காவுக்கு வந்த நாள் முதல் சிரித்ததில்லை என்பார்கள். அன்று தொடையில் தட்டிச் சிரித்தார். "பாகுஸ், பாகுஸ்" என்றார், அதாவது மிக நன்று. எதிரியின் நிலைமையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படத்தைத் தோக்கியோவில்கூட எடுத்ததில்லை என்று சொல்லி, கருணாகரனுக்கு ஒரு கைப்பட்டை கட்டி, மாநிலத்தின் தோட்டங்களிலெல்லாம் இதைக் காட்ட உத்தரவிட்டார். கைப்பட்டை இருந்தால், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போக மாட்டார்கள். தெரு சந்தோஷப்பட்டது.

சந்திரமதி சந்தோஷப்படவில்லை. இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்துவிட்டு, பின்னாலேயே லாரி வந்து ஆண்களை அள்ளிப்போன கதை எல்லோருக்கும் தெரியும். "உங்களக் காப்பாத்தி, உங்கள வச்சே ஊர அள்ளப் பாக்குறான்" என்றாள்.

"போகலன்னா மொதல்ல நான்தான் லாரியில ஏறணும், சந்திரா."

"போங்க. ஆனா நான் அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றேன்."

"யார்கிட்ட?"

"தச்சன் பொண்டாட்டிகிட்ட. நாம தெரையப் பாத்து உக்காந்திருக்கோம். பின்னாடி வர்றது நமக்குத் தெரியாது. அவங்க நம்மளப் பாத்துல்ல உக்காந்திருக்காங்க?"

அன்று மாலை தட்டை நீட்டும்போது சந்திரமதி இன்னொரு கையால் லாரி ஓட்டுவதுபோல் சைகை காட்டினாள். வாத்தியக்காரர்கள் அதை நடனம் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினார்கள். தச்சன் மனைவி மட்டும் வாயருகே கொண்டுபோன கிழங்கை அப்படியே நிறுத்தினாள். லாரி என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

முதல் காட்சி ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் திடலில். இருட்டத் தொடங்கிய வேளை. விருந்து தொடங்கிச் சற்று நேரத்தில் தச்சன் மனைவி விருட்டென்று எழுந்து மேசை விரிப்பை உருவி வீசினாள். மணப்பெண், மாப்பிள்ளை, பாதிரியார் எல்லோரும் எழுந்து ஜனங்களின் தலைக்கு மேல் ரோட்டைச் சுட்டிக் காட்டினார்கள். கூட்டம் ஒரு மூச்சில் ரப்பர் மரங்களுக்குள் கரைந்தது. லாரி வந்து நின்றபோது திடலில் கருணாகரனும், கருவியும், இரண்டு தோட்டத்து நாய்களும் இருந்தன. திரையில் எல்லோரும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த தோட்டங்களிலும் இதேதான். அதிகாரி மனமுடைந்தார். நல்ல படத்தை ரசிக்கத் தெரியாத ஜனங்கள் என்று எழுதிவைத்துவிட்டு, லாரியைத் திருப்பி அழைத்துக்கொண்டார். கைப்பட்டையைத் திரும்பக் கேட்க மறந்துபோனார்.

சண்டை முடிந்து அரிசி வந்தது. சிங்கப்பூரிலிருந்து படக் கம்பெனி ஏஜெண்டு சுருளைத் தேடி வந்து, ஒரு முறை போட்டுப் பார்த்து, படம் கெட்டுவிட்டது, கறை நிறைய என்று சொல்லி அதை இவர்களிடமே விட்டுப்போனார். மறுவருஷம் சந்திரமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கோகிலா என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்த நாளில் சோறும் ஆட்டுக்கறியும் சமைத்து, தெருவையே அழைத்து, எல்லோருக்கும் இலை போட்ட பிறகு, "அவங்களும் சாப்பிடட்டும், வேட்டியக் கட்டுங்க" என்றாள். சந்திரமதி நெடுநேரம் வெளிச்சத்தில் தட்டு தட்டாக நீட்டினாள். மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டு முறை கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும் தச்சன் மனைவி எழுந்து முன்னால் வந்தாள், வேட்டி முழுவதும் அவள் முகமாகும்வரை வந்தாள். மீனாச்சி குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

விளக்கை அணைத்த பிறகுதான் பார்த்தார்கள். குழந்தையின் கன்னத்தில் சாம்பல் நிறத்தில் உதட்டுச் சாயம். குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

"கறி தின்ன காரம்" என்று சொல்லிச் சந்திரமதி முந்தானையை நனைத்துத் துடைத்தாள். "வாயக் கழுவிட்டுக் கொஞ்சினா என்னவாம், இவளுக்கு?"