வியாழக்கிழமை என் முறை

போன் வந்தபோது சாஸ்காரம்மா தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வெடித்ததையும் வெடிக்காததையும் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கப் பிரிக்க வெடித்ததுதான் அதிகம் வந்தது. வெகுநாளாக முகத்தையே காட்டாத மழை, பழம் சிவந்து நிற்கிற நேரமாகப் பார்த்து வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. காய்ந்து கிடந்த செடி கிடைத்த தண்ணீரையெல்லாம் ஒரே மூச்சில் குடித்தால், பழம் உப்பித் தோல் பிளக்காமல் என்ன செய்யும்? வெடித்த தக்காளியைச் சந்தையில் யாரும் சீந்தமாட்டார்கள். ஆனால் உடனே காய்ச்சினால் சாஸுக்கு அதைவிட நல்ல பழம் கிடையாது. உடனே என்றால் மறுநாளே காய்ச்ச வேண்டும். அதையும் தாண்டினால் ஈ மொய்க்கும், அள்ளிக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான்.

மறுநாள் வியாழக்கிழமை. பல்கலைக்கழகத்தின் உணவுத்தொழில் உதவிக்கூடத்தில், சிறு தொழில்காரர்கள் நாளுக்கு ஒருவராக வந்து காய்ச்சிக்கொண்டு போகிற இடத்தில், வியாழன் அவளுடைய முறை. அந்தத் தைரியத்தில்தான் தன் வயல் பழத்தோடு, பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேரின் பழத்தையும் "கொண்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிப் போட்டிருந்தாள். வீட்டு அடுப்பில் அத்தனையையும் காய்ச்சுவது நடக்கிற காரியமா? பெரிய கொப்பரையும், நீராவியும், கூழ் பிழிகிற மெஷினும் அந்தக் கூடத்தில்தான் இருந்தன.

போனில் பேசியவர் கூடத்தின் இயக்குநர் அம்மா. நாளைக்குக் கூடம் கிடையாது, ஒரு பெரிய கம்பெனியிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். பழம் வெடித்துக் கிடக்கிறது என்று இவள் சொல்ல வாயெடுப்பதற்குள், "ஒரு வாரம்தானே, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் சாஸ்காரம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பாள். ஆனால் இந்த அம்மாவை எப்படிக் கேட்பது? முன்பு ஒரு கோடையில் கடை அலமாரியில் இருந்த இவளுடைய பாட்டில்கள் பட்டாசு மாதிரி மூடி தெறித்து, கடைக்காரரின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாகி, தொழிலே வேண்டாம் என்று இவள் அழுதுகொண்டு திரிந்த காலம் உண்டு. அப்போது கூப்பிட்டு உட்காரவைத்து, எவ்வளவு புளிப்பு இருக்க வேண்டும், எவ்வளவு சூட்டில் நிரப்ப வேண்டும் என்று கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதன்பிறகு ஒரு மூடிகூடத் தெறிக்கவில்லை. அந்த அம்மா இல்லாவிட்டால் தான் இல்லை என்று சாஸ்காரம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் இப்போது கோபத்தைவிட வலி அதிகமாக இருந்தது.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். பெரிய இடத்தோடு மோதி நமக்கு என்ன ஆகப்போகிறது, நாளைக்கும் அவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்றார். மனிதர் நல்லவர்தான். ஆனால் நாய் குரைத்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிற ரகம். அவருடைய தங்கை, அதாவது சாஸ்காரம்மாவின் நாத்தனார், அண்ணனுக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் மிளகாய்தான்.

"அண்ணி, நம்மளக் கிள்ளுக்கீரைன்னு நெனச்சிட்டாங்க," என்றாள். "நீங்க பேசாம இருந்தீங்கன்னா நான் பேசிடுவேன், பாத்துக்கங்க."

"நீ பேச வேணாம். கூடைய ஏத்து. காலையில போறோம்," என்றாள் சாஸ்காரம்மா.

விடிந்ததும் கிளம்பினார்கள். வேனை ஓட்டியது வீட்டுக்காரர்தான். போய்ப் பார்த்தால் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. விருந்தாளிகளுக்காக ஒரு லாரி நிறையப் பூந்தொட்டி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. காவல்காரர் எந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்கிற கவலையில் இருந்தார். தொட்டிகளோடு தொட்டியாகத் தக்காளிக் கூடைகளும் உள்ளே போயின. கடைசிக் கூடை இறங்கியதும் வீட்டுக்காரர், "ஒரு வேலை இருக்கு, வந்துடறேன்," என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் இறக்கி வைக்கிற வரைக்கும் இருந்ததே அதிசயம் என்றாள் நாத்தனார். அவர் போனது சாஸ்காரம்மாவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கூடத்தைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஏப்ரன்களைக் காணோம். ஜாம்காரரின் நீளக் கரண்டியைக் காணோம். வேர்க்கடலையை வறுத்து அரைக்கிற தம்பதி மூலையில் அடுக்கியிருந்த டின்களும் இல்லை. எப்போதும் நாலு விதமான பழவாசனை கலந்து அடிக்கிற இடத்தில் பினாயில் வாசனை மட்டும் அடித்தது. எல்லாவற்றையும் அள்ளிப் பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமில் திணித்திருந்தார்கள். விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டைச் சுத்தம் செய்ய மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டு, தன் ஏப்ரனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். இருவரும் பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கழுவ ஆரம்பித்தார்கள்.

சத்தம் கேட்டு பாய்லர்காரர் வந்தார். சிரிப்பதற்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டும் என்று நினைக்கிற மனிதர். கூடத்துக்கு நீராவி விடுகிற வால்வு அவர் பொறுப்பில் இருந்தது. அவர் திறக்காமல் ஒரு தக்காளிகூட வேகாது.

முறையைத் தள்ளி வைத்தாகிவிட்டதே, யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று கேட்டார். மேடம் தள்ளி வைத்தார், தக்காளி தள்ளி வைக்கவில்லை என்றாள் சாஸ்காரம்மா. அவர் இயக்குநருக்குப் போன் போட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. விருந்தாளிகளை அழைக்கப் போயிருக்கிறார் போலிருக்கிறது.

"பாய்லர் எரியுதே, யாருக்காக?" என்று சாஸ்காரம்மா கேட்டாள்.

அவர் மென்று விழுங்கிச் சொன்னார். "வெறும் தண்ணியக் கொதிக்க வெச்சுக் காட்டணுமாம். எல்லாம் நல்லா ஓடுதுன்னு அவங்களுக்குத் தெரியணுமாம்."

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல வெந்நீர் வெக்கச் சொல்லிட்டாங்களா உங்கள?"

சாஸ்காரம்மா அவளைக் கண்ணாலேயே அடக்கினாள். பாய்லர்காரரின் காது சிவந்துவிட்டது. மானம் உள்ள மனிதர். அது எங்கே தைத்தது என்று முகத்திலேயே தெரிந்தது. மேடம் கேட்டால் நான் அடாவடி செய்ததாகச் சொல்லிவிடுங்கள் என்றாள் சாஸ்காரம்மா. அடாவடிக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை, அப்படிச் சொன்னால் எனக்குத்தான் கேவலம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் குழாய் அதிர்ந்தது. கொப்பரையின் அடிவயிற்றில் நீராவி இறங்குகிற சத்தம் கேட்டபோது சாஸ்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.

வெயில் ஏறி, முதல் கொப்பரை கொதித்துக் கெட்டியாகி, நாத்தனார் நிரப்ப சாஸ்காரம்மா மூடி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இயக்குநர் விருந்தாளிகளோடு உள்ளே நுழைந்தார். மூன்று பேர் வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் கம்பெனியின் மேலாளர். நன்றாகத் தேய்த்த சட்டை, அமைதியான பேச்சு. இயக்குநர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. விருந்தாளிகளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்தார்.

"உடனே நிறுத்துங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எப்படி மேடம் நிறுத்தறது? சூடு ஏறினப்புறம் கடைசி மூடி போடற வரைக்கும் கைய எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. நடுவுல ஆற விட்டா பாட்டில் வெடிக்கும். எனக்கு வெடிச்சுது. நீங்கதான் காப்பாத்தினீங்க."

இயக்குநர், தான் கற்றுக்கொடுத்ததைத் தானே பொய் என்று சொல்ல முடியாமல் நின்றார். அதற்குள் மேலாளர் பக்கத்தில் வந்துவிட்டார். கொப்பரையைப் பார்த்தார், வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பார்த்தார். பிறகு இயக்குநரிடம் மரியாதையாகவே கேட்டார்.

"இந்தக் கூடம் வருஷம் பூரா சும்மாக் கிடக்குது, யாருமே வர்றதில்லன்னு சொன்னீங்களே மேடம்?"

சாஸ்காரம்மாவின் கை நின்றது. ஒரு மூடி கீழே விழுந்து உருண்டு போயிற்று. ஏப்ரன்களும் கரண்டியும் டின்களும் ஏன் ஸ்டோர் ரூமுக்குப் போயின என்பது இப்போது புரிந்தது. தன்னுடைய முறை ஏன் தள்ளிப்போயிற்று என்பதும் புரிந்தது. கூடத்தை மொத்தமாகக் குத்தகைக்கு விடப் போகிறார்கள். அதற்காக இத்தனை பேரும் இத்தனை வருஷமும் இங்கே வந்ததே இல்லை என்று துடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு மட்டும் ஏதோ விசேஷம் என்று இயக்குநர் சமாளிக்கப் பார்த்தார். குரல் எடுபடவில்லை. மேலாளர் சாஸ்காரம்மாவின் பக்கம் திரும்பி, கவலைப்பட வேண்டாம், உங்கள் தக்காளியை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், கை சுத்தமாக வேலை செய்கிறீர்கள், இங்கேயே வேலையும் போட்டுத் தருகிறோம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு வேலை இருக்குங்க," என்றாள். "அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன். வியாழக்கிழமை என் முறை. மத்த நாளும் யாராவது வருவாங்க. ஒரு நாளும் சும்மாக் கிடந்ததில்ல. நீங்க குத்தகைக்கு எடுத்தாலும் நான் வருவேன். வாசல்ல கூடைய இறக்கி வெச்சிட்டு உக்காருவேன். தெரிஞ்சுக்கிட்டு எடுங்க."

இதைச் சொல்லும்போது அவள் இயக்குநரைப் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் உடைந்துவிடும் என்று பயம். மேலாளர் மறுபடியும் பாட்டில் வரிசையைப் பார்த்தார். ஆட்கள் இருக்கிற இடத்தைக் காலி இடம் என்று எழுதித் தந்தால் எங்கள் மேலிடத்தில் என்னைத்தான் கேட்பார்கள், நீங்கள் உங்களுக்குள் முதலில் பேசி முடியுங்கள் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு, மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே நடந்து போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் இயக்குநர் அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். வருமானம் இல்லாத கூடத்தை மூடிவிடுவோம் என்று பல்கலைக்கழகம் அவர் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறதாம். கம்பெனி வந்தால் கட்டடமாவது தப்பிக்கும் என்று நினைத்தாராம். கேட்கிறபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சாஸ்காரம்மாவின் மனது இறங்கவில்லை.

"கட்டடம் இருந்து நாங்க இல்லன்னா அது எதுக்கு மேடம்? மூடப் போறாங்கன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேரும் உங்க பின்னாடி வந்து நின்னிருப்போம். நீங்க எங்களையே இல்லன்னு சொல்லிட்டீங்க."

இயக்குநரின் முகம் சுருங்கியது. பிறகு, தோற்றவர்கள் கடைசியில் கையில் எடுப்பதை அவரும் எடுத்தார். "இனிமே உங்களுக்கு இங்க முறை கிடையாது. உங்களுக்கு மட்டுமில்ல, யாருக்குமே கிடையாது. கூடத்த நானே மூடறேன்," என்றார்.

நாத்தனார் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். வீட்டுக்காரரின் வேன் பின்பக்கமாக வந்து கதவை ஒட்டி நின்றது. அதன் பின்னால் கொய்யாக் கூடைகளோடு ஜாம்காரரின் மூன்று சக்கர வண்டி வந்தது. அதற்கும் பின்னால் வேர்க்கடலைத் தம்பதி ஒரே ஸ்கூட்டரில், நடுவில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார்கள். கூடத்துக்கு முறை வைத்து வருகிற இன்னும் சிலர் சைக்கிளிலும் நடந்தும் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் காலையிலிருந்து வீடு வீடாகப் போயிருக்கிறார். எல்லோருடைய முறையும்தான் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து வீட்டோடு இருந்திருக்கிறார்கள். சாஸ்காரம்மா கட்டிய புருஷனை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்தாள்.

அவர் ஜாம்காரரின் கொய்யாக் கூடை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக இயக்குநர் முன்னால் வந்து நின்றார். வழக்கம்போல முதலில் ஒரு வணக்கம் வைத்தார்.

"எங்க இறக்கட்டும் மேடம்?"

"கூடத்த மூடியாச்சு. யாருக்கும் முறை இல்லன்னு சொல்லிட்டேன்."

"சரிங்க மேடம்," என்றார் அவர் பணிவாக. கூடை தோளிலேயே இருந்தது. "எங்க இறக்கட்டும்?"

ஜாம்காரர் இரண்டாவது கூடையோடு அவர் பின்னால் வந்து நின்றார். மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வேர்க்கடலைத் தம்பதியும் வந்து நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி வெளியே போயிற்று. இயக்குநர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் அவரிடம் பாடம் கேட்ட முகங்கள்.

"அவங்கள ஏன் கேக்கறீங்க?" என்றாள் சாஸ்காரம்மா, அடுத்த மூடியை எடுத்துத் திருகியபடி. "நம்ம எடம். தண்ணித் தொட்டிப் பக்கத்துல இறக்குங்க."