பச்சைக் கேப்சூல்

நின்றபடியே தூங்குகிற ஆளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? ஒரகடத்தில் கார்க் கதவு மாட்டுகிற லைனில், கையில் ஸ்க்ரூ மெஷினோடு கண் சொருகி நின்றான் சூசைராஜ். முதலில் தட்டி எழுப்பிய சூப்பர்வைசர் பிறகு எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். “இன்னொரு வாட்டி பாத்தேன், கேட் பாஸ புடுங்கிகினு வூட்டுக்கு அனுப்பிடுவேன்.”

சோம்பேறித்தனம் இல்லை ஐயா, மாத்திரை செய்கிற வேலை. கல்யாணமான புதிதில் அவனுக்குப் புத்தி கலங்கியது. சுவர் பேசுகிறது என்றான், சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்றான். ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள், தேறவில்லை. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் மாத்திரையில்தான் ஆள் மீண்டு வந்தான். “நல்லாயிட்டேன்னு நிறுத்திடாதீங்க” என்று அவர் சொன்னதை அவன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

மாதாமாதம் போய் மாத்திரை வாங்கி வருகிறவள் அவன் மனைவி ஷெர்லின். பகலில் தூங்கி விழுகிறார் என்று டாக்டரம்மாவிடம் சொன்னால் ஏதாவது வழி சொல்லியிருப்பார். ஆனால், ஆளைக் கூட்டிவா என்பாரே! கூட்டிப்போக லீவு வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஓடுகிற நேரத்தில் லீவு கேட்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

அவளும் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி திருநெல்வேலித் தங்கமாரி. புருஷனுக்கு வேலையில் கவனம் நிற்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொன்னாள். மாத்திரைக் கதையைப் பற்றி மூச்சு விடவில்லை. அது இருங்காட்டுக்கோட்டை வீட்டுக்காரம்மா காதுக்குப் போனால் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாள்.

“இதுக்கா பிள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? வல்லாரை குடு. பரீட்சைக்குப் படிக்கிற புள்ளையளுக்கு எங்கூர்ல அதத்தான் குடுப்பாவ. மனசும் அமரும், கவனமும் நிக்கும்” என்றாள் தங்கமாரி.

நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடியைக் கேப்சூலாகவே விற்றார்கள். கீரைதானே, கெடுதல் என்ன செய்யும்? ஷெர்லின் பழைய மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள்.

“டாக்டரம்மா மாத்திரைய மாத்திட்டாங்க” என்றாள்.

அவன் கேப்சூலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

அடேயப்பா, அதற்குப் பிறகு வந்த நாட்களை என்னவென்று சொல்வது! தூக்கம் போன இடம் தெரியவில்லை. சூப்பர்வைசரே தோளில் தட்டிக்கொடுத்தாராம். வேலை விட்டு வரும்போது பரோட்டா வாங்கி வந்தான், அவளைக் கேலி பண்ணிச் சிரித்தான். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து அழுதாள் ஷெர்லின், அத்தனை சந்தோஷம். பிறகு அவன் படுப்பதே குறைந்தது. “மூள சும்மா பளிச்சுனு கீது ஷெர்லி” என்று உட்கார்ந்தே இருந்தான். வல்லாரை வேலை செய்கிறது என்று பாவி மகள் பூரித்துப் போனாள்.

“கேன்டீன் சோத்துல இன்னாவோ கலக்குறானுங்க” என்று ஒரு நாள் காலையில் சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறியபோதுதான் அவளுக்கு அந்தப் பழைய பேச்சு உறைத்தது. வேலைக்குப் போகாமல் அரிசி டப்பாவைக் கவிழ்த்து மாத்திரையைத் தேடி எடுத்தாள். அதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. லைனை நிறுத்திவிட்டு, கதவு மாட்டாத காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, கிட்டே வந்தவர்களையெல்லாம் ஸ்க்ரூ மெஷினைக் காட்டி மிரட்டியிருக்கிறான். செக்யூரிட்டி ஆட்கள் அமுக்கிப் பிடித்தார்களாம். கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் மாத்திரையை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டான். “எல்லாம் விசம். ஷெர்லி குடுத்தா துன்றேன். அவ ஒருத்திதான் என்ன ஏமாத்தாதவ.”

டாக்டரம்மா குனிந்து கேட்டார். “மாத்திரைய நடுவுல விட்டுட்டீங்களா?”

“ஒரு நாள் வுடல மேடம். நீங்க மாத்திக் குடுத்தீங்களே, பச்ச கலரு, அதத்தான் துன்னேன்.”

“நான் எதையும் மாத்தலையே” என்று அவர் ஷெர்லினைப் பார்த்தார்.

பொய் சொன்னால் வைத்தியம் தப்பிப்போகும். சொல்லாமல் என்ன செய்வாள்? கேப்சூல், அரிசி டப்பா, எல்லாவற்றையும் அவன் எதிரிலேயே சொன்னாள். “வேல போய்டும்னு பயந்துட்டேன் மேடம்” என்று தேம்பினாள். அவன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. “நீங்களே குடுங்க, உங்க கையால சாப்பிடுவாரு” என்றார். ஷெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரையை வாங்கி நீட்டினாள். “இந்தாங்க, இது பழைய மாத்திரதான். சத்தியமா.”

சூசைராஜ் கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்தான். இத்தனை நேரம் எவளைக் கண்டு நடுங்கினானோ அந்தச் சிஸ்டரின் பக்கம் திரும்பினான்.

“இந்தப் பொம்பள கையால வாணாம். நீங்களே குடுங்க.”

சிஸ்டர் ஷெர்லினின் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டாள். அவன் வாயைத் திறந்தான்.