நாஜியாவை வாங்கியவள்

ஜெயம்மாவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன இடத்தில் முற்றின இலையைக் கிள்ளிக் கூடையில் போட்டுக் கங்காணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். எல்லாம் ஓப்பநாயக்கவிலிருந்து வந்த ஒரு போன் செய்த வேலை.

கூப்பிட்டவள் விஜயகலா. ஜெயம்மாவின் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பிரதீபனின் தாய். பெண் பார்த்து, பலகாரம் தின்று, தட்டு மாற்றிவிட்டுப் போகும்வரை வாயைத் திறக்காத மனுஷி, கல்யாணக் கார்டு அடிக்கிற நேரத்தில் திறந்தாள்.

“நாஜியான்னு போட்டா எங்க சனம், முஸ்லிம் வீட்டுப் பொண்ணான்னு கேக்குங்க. தனுஜான்னு மாத்திருங்க. இல்லேன்னா நாங்க யோசிக்க வேண்டி வரும். அந்தியில எடுக்கிறேன், முடிவச் சொல்லுங்க.”

மகளிடம் சொன்னதற்கு, “பேருதானேம்மா! மாத்திட்டுப் போவோம்,” என்றாள். எஹலியகொட கார்மென்ட்ஸில் வேலை செய்யும்போது அவளே பார்த்துப் பிடித்துப்போன மாப்பிள்ளை. அதைக் கெடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? பாவம், அவளுக்கு என்ன தெரியும்! சின்ன வயதில், “உன்னத் தவிட்டுக்கு வித்துட்டேன்டி” என்று ஜெயம்மா சொல்லும்போதெல்லாம், எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுகிற பேச்சுதானே என்று சிரித்துக்கொண்டு ஓடியவள். சீண்டலாவது ஒன்றாவது! அத்தனையும் நிஜம்.

அவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தொட்டிலிலேயே போய்ச் சேர்ந்தன. நாலாவது பிறந்ததும் தோட்டத்து லயத்துச் சனம் ஒரு வழி சொன்னது. பிள்ளையை வேறு ஆளிடம் தவிட்டுக்கு விற்றுவிடு, வாங்குகிறவள் பெயர் வைக்கட்டும், உன் பிள்ளை இல்லையென்று எமன் ஏமாந்து போவான். ஜெயம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் பஸீஹாவிடம் ஓடினாள். “எங்கட மார்க்கத்துல இதெல்லாம் இல்ல, ஜெயம்மா,” என்று முதலில் மறுத்த பஸீஹா, அவள் அழுத அழுகையைத் தாங்க முடியாமல், கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு சுண்டு அள்ளிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். நாஜியா என்று பெயர் சொல்லி, வளர்க்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை தங்கிவிட்டது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஜெயம்மா இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் பலித்தது கலைந்துபோகுமோ என்று பயம்.

இப்போது பெயரை மாற்றினால் என்ன ஆகும்? தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை முறையாக மீட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, பாதி வேலையில் மலையை விட்டு இறங்கினாள். தீவனக் கடையில் தவிடு வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் புடவைக்கடைக்குப் போனாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த பஸீஹா பையைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன ஜெயம்மா, கோழி வளர்க்கப் போறியா?”

ஜெயம்மா மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னாள். பஸீஹாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

“பேர மாத்துறதென்டா மாத்து. அது உங்கட விருப்பம். ஆனா இந்தத் தவிட்ட எடுத்துக்கிட்டுப் போ. நான் விக்க மாட்டேன்.”

“என்னக்கா இப்படிச் சொல்றீங்க? இதெல்லாம் உங்க மார்க்கத்துல இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“தவிடு இல்லதான். புள்ள இரிக்கிதே! ஒவ்வொரு பெருநாளைக்கும் அவளுக்கு உடுப்பு எடுத்துத் தாறேனே, தர்மம் செய்றேன் என்டா நெனச்சாய்?”

அப்படித்தான் நினைத்திருந்தாள். ஜெயம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“எனக்கு மகள் கெடச்சா வைக்கச் சொல்லி வாப்பா சொல்லிவச்ச பேர் அது. அரபுல நாஜியா என்டா ஆபத்துல இருந்து தப்பினவ. எனக்குக் கெடச்சதெல்லாம் ஆம்புளப் புள்ளகள். நீ கொண்டாந்த நேரம், யா அல்லாஹ், இவளாவது தப்பட்டும் என்டு துஆ கேட்டுத்தான் வச்சேன்.”

ஜெயம்மாவால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்தி வரைக்கும் பொறுக்காமல் அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“கார்டுக்காரர் காத்துக்கிட்டு இருக்காருங்க,” என்றாள் விஜயகலா. “தனுஜான்னே போடச் சொல்லட்டுமா?”

மகளின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. கல்யாணம் நின்றுபோனால் அழுவாள். வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டட்டும். உயிரோடு இருந்து திட்டட்டும்.

“பேர் வச்சது நான் இல்லீங்க,” என்றாள் ஜெயம்மா. “வச்சவங்க பக்கத்துலயே இருக்காங்க. அவங்ககிட்டயே கேட்டுக்குங்க.”

நீட்டிய போனைப் பார்த்துப் பஸீஹா திகைத்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாங்கினாள்.

“ஓம், நாஜியாட உம்மாதான் பேசுறேன். பேர் மாத்துறதில்ல. கார்டுல பொண்ணுட தாய் தகப்பன் பேருக்குப் பக்கத்துல என்ட பேரயும் போடுங்க.”

“எந்த உம்மா?” என்று விஜயகலா குரலை உயர்த்துவது வெளியே கேட்டது. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் ஜெயம்மாவை விடவில்லை. ஆனாலும் போனைத் திருப்பி வாங்க அவள் கை நீட்டவில்லை.