நீல விரிப்பு

எங்கள் ட்ரோனுக்குத் தரையைப் பார்த்தால்தான் வழி தெரியும். வயிற்றில் ஒரு கேமரா. கீழே இருக்கும் கீறலும் கறையும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்து, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அதுவே கணக்குப் போடும். கிளம்பிய பிறகு ரிமோட்டைத் தொட்டால் போட்டியில் அவுட்.

எனக்கு அவுட் என்றால் படிப்பே அவுட். "இந்த வருஷமும் தோத்தா பேசாம மாமா கடையில வந்து உக்காரு" என்று அப்பா சொல்லிவிட்டார். "நீங்களே வந்து பாருங்க" என்று நானும் வீறாப்பாகக் கூட்டி வந்திருந்தேன். களத்தைச் சுற்றிக் கட்டிய வலைக்கு அந்தப் பக்கம், முதல் வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முறை வரும்வரை களத்தைக் காட்ட மாட்டார்கள். எங்கள் முறை வந்ததும் திரையை விலக்கினார்கள். சுவரிலிருந்து சுவர்வரை புத்தம் புது நீல விரிப்பு. பேருக்குக்கூட ஒரு கறை இல்லை.

"டேப்பு..." என்றான் கண்ணாடி. எங்கள் குழுவில் புரோகிராம் எழுதுகிறவன். முகம் வெளுத்துவிட்டது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. லேப் தரை வெறும் சிமெண்ட், கேமராவுக்குப் பிடி கிடைக்கவில்லை என்று முதல் வருஷம் கலர் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டினோம். அதன் பிறகு ட்ரோன் சொன்ன பேச்சைக் கேட்டது. அதன் மேலேயே நடந்து நடந்து, டேப் இருப்பதையே மறந்து தொலைத்தோம். பெரிய இன்ஜினியர்கள்!

"ஆரம்பிம்மா" என்றார் நடுவர்.

எழும்பியது. ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாக, வெகு மரியாதையாக, வலைப் பக்கம் நழுவியது. லேப்டாப் திரையிலோ, 'இருந்த இடத்திலேயே நிற்கிறேன்' என்று சாதித்தது.

"நிறுத்துடி, மோதப்போவுது!" என்று கத்தினான் கண்ணாடி.

விரல் ரிமோட் பொத்தான் மேல்தான் இருந்தது. என் கையாலேயே முடித்து வைக்க மனசு வரவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேரே வலையில் சிக்கி, இறக்கை முறிந்து விழுந்தது.

வெளியே வராந்தாவில், திட்டு விழும் என்று அப்பா முன்னால் தலையைக் குனிந்து நின்றேன்.

"அழாதம்மா. திங்கக்கிழமை வந்தா போதும்னு மாமா சொல்லிட்டாரு."

"அதுக்குள்ள போன் பண்ணிட்டீங்களா?"

"இப்ப இல்லம்மா. போன வாரமே பேசி வச்சிட்டேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் ஜெயிப்பதைப் பார்க்க அவர் வரவில்லை. தோற்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று லீவு போட்டு வந்திருக்கிறார்.