அக்கரையில் நிற்காத படகுகள்

கர்னல் லொர்மெல் சிப்பாய்களோடு உட்கார்ந்து குதிரைக் கறி சாப்பிட்டார் என்ற செய்தி, மத்தியானத்துக்குள் ஆளுநர் ரிகோதியேரின் காதுக்கு வந்துவிட்டது.

ஆங்கிலேயருடன் போர் மூண்டதிலிருந்து, பிரெஞ்சுக் காலனியான எங்கள் கனடாவுக்குப் பிரான்சின் மாவுக் கப்பல்கள் வருவதே அரிதாகிவிட்டது. ரொட்டியைக் குறைத்துக் குதிரைக் கறி கொடுக்கச் சொல்லி ஆளுநர் உத்தரவு போட்டபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் அதை அவர் வாசலிலேயே வீசிவிட்டுப் போனார்கள். கர்னல் சாப்பிட்டதைக் கேட்டதும் அதே பெண்கள் வாங்கிச் சமைத்தார்கள்.

“அந்தாளு பிரான்சுலேருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகல. நான் இந்த மண்ணுல பொறந்தவன், மார்கரீத்!” என்று ஆளுநர் தன் மனைவியிடம் பொருமினார்.

“நீங்களும் ஒரு வாய் தின்னிருக்கலாமே.”

“குதிரையவா?”

“அவரு மட்டும் மானா தின்னாரு?”

மார்கரீத் சிரித்தாள். அதுவும் கர்னலுக்காகச் சிரித்த சிரிப்பாகவே அவருக்குப் பட்டது.

ஆற்றில் உறைந்திருந்த பனி உருகியதும் ஆங்கிலேயக் கப்பல்கள் தலைகாட்டின. தென்கரை மேட்டில் பீரங்கிகளை நிறுத்தக் கர்னல் படையோடு போக வேண்டியிருந்தது. சிப்பாய்கள் அவர் கையில்; படகுகளும் படகோட்டிகளும் ஆளுநர் கையில். கர்னல் ஆளுநரிடம் நேரில் வந்தார்.

“படகெல்லாம் அக்கரையிலேயே நிக்கணும். பின்வாங்க வேண்டி வந்தா எங்களுக்கு வேற வழி இல்ல.”

“உத்தரவு போடுறீங்களா, கேக்குறீங்களா?”

“கேக்குறேன்னே வச்சுக்குங்க.”

“வச்சுக்கணுமா? அப்ப நீங்க கேக்கல.”

கர்னல் வணக்கம்கூடச் சொல்லாமல் வெளியேறினார். படையை இறக்கிவிட்டதும் படகுகள் அத்தனையையும் ஆளுநர் திருப்பியழைத்துக்கொண்டார். வேண்டுமானால் மறுபடி கேட்கட்டும், இந்த முறை பணிவாக.

சண்டை மூண்ட அன்று ஊரே படகுத்துறையில் கூடியது. மீன்காரி ஒருத்தி, “கர்னல் இருக்கறப்ப நமக்கென்ன பயம்?” என்றாள். பக்கத்தில் நின்ற ஆளுநரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகோட்டிகளின் தலைவன் பாப்திஸ்த் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“ஐயா, அக்கரையில கொடி ஆட்டுறாங்க. படக எடுக்கட்டுமா?”

“ஆள் அனுப்பிக் கேக்கட்டும்.”

“எதுல அனுப்புவாரு? படகெல்லாம் இங்கல்ல கெடக்கு!”

கூட்டம் ஆளுநரைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சிவந்தது. முதல் படகில் அவரே ஏறினார்.

போய்ச் சேர்ந்தபோது கரையெங்கும் காயம்பட்டவர்கள். வயிற்றைப் பிடித்தபடி கர்னல் ஒரு பாறையில் சாய்ந்திருந்தார்.

“மொதல்ல என் ஆளுங்கள ஏத்துங்க” என்றார்.

ஆளுநர் குனிந்து அவரைத் தூக்கப்போனார். சிப்பாய்கள் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தாங்களே தூக்கினார்கள். நடு ஆற்றில் கர்னலின் உயிர் போனது.

துறையில் ஆண்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். மீன்காரி மண்டியிட்டு அழுதாள். யாரும் ஆளுநரைத் திட்டவில்லை. அவருக்கு வழிவிடவும் இல்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வீடு வந்து, சேறு படிந்த சட்டையோடு மனைவி முன் உட்கார்ந்தார்.

“எனக்கு யாரு இப்படி அழுவாங்க, மார்கரீத்?”

அவள் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, கர்னலின் உடலைப் பார்க்கப் போனாள்.