பதினொன்றுக்குப் பத்து

தர்மராஜ் எது சொன்னாலும் பதினொன்றுக்குப் பத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விருத்தாசலத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அவர் கிலுகிலுப்பையைப் பதினோரு தரம் ஆட்டினால் தொட்டிலில் கிடப்பது பத்து தரம்தான் சிரிக்கும். மிச்சம் ஒன்றுக்கு, ‘போதும் பெரிசு’ என்பதுபோல மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

இந்தக் கழிவைக் கண்டுபிடித்தவர் நைனா முகம்மது. கடைவீதியில் தூண்டில் சாமான் விற்கிறவர். தர்மராஜுக்கு வாலிபத்திலிருந்து சிநேகிதர். தர்மராஜ் ஒரு பீங்கான் கம்பெனியில் அச்சுக்கு மாதிரி செய்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பீங்கான் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. சூளையில் வேகும்போது சுருங்கிவிடும். பத்து அங்குலத்தில் பிள்ளையார் வேண்டுமானால் மண்ணில் பதினோரு அங்குலப் பிள்ளையாராகப் பிடிக்க வேண்டும். தொப்பையிலிருந்து மூஞ்சூறு வால் வரைக்கும் எல்லாம் அதே கணக்கு. ஒருநாள் டீக்கடையில் தர்மராஜ், தான் பிடித்த விரால் மீன் தன்னையும் தன் மொபெட்டையும் மணிமுத்தாற்றுக்குள் இழுத்துப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நைனா கையை உயர்த்தினார்.

“யோவ் தர்மா, மண்ணுக்கு உள்ள சட்டந்தான்யா ஒன் வாய்க்கும். இனிமே பதினொண்ணுக்குப் பத்து.”

கடையே சிரித்தது. தர்மராஜும் சிரித்தார். சிரிப்பதில் அவருக்கு யாரும் சளைத்தவர் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கடைவீதியில் கிளம்பினால் கல்யாண மண்டபம் வரை போகாமல் இருக்குமா? பேத்திக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்று போனில் சொன்னாலும் மருமகன் மனசுக்குள் வகுத்துப் பார்க்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அன்றிலிருந்து தர்மராஜுக்கு ஒரு ஆசை. பெரிய ஆசை இல்லை. சாவதற்குள் ஒரே ஒரு எண்ணை, சொன்னது சொன்னபடி, ஒரு மில்லிமீட்டர் கழிக்காமல் இந்த ஊர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குத் தோதாகத்தான் அந்தப் போட்டி வந்தது.

தமிழ்ச்செல்வன் என்று ஒரு இளைஞர். தூண்டில் போடுவதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிகளில் கலந்துகொள்கிறவர். நல்லூர்ப் பக்கத்துப் பெரிய ஏரியில் இந்த வருஷம் அவரே ஒரு விரால் போட்டி நடத்த ஏற்பாடு செய்தார். புழு, இரை எதுவும் கூடாது. ரப்பர் தவளை மாதிரியான பொய் இரைதான். பிடித்த மீனை அளவுப்பலகையில் கிடத்தி, போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, உயிரோடு ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு மீன் கணக்கு. இரண்டின் நீளத்தையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை. நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மீன் செல்லாது.

“வாயால சொல்ற வேலையே இல்லீங்க அய்யா. பலகை சொல்லும், படம் சொல்லும்,” என்றார் தமிழ்ச்செல்வன்.

தர்மராஜுக்கு உடம்பு புல்லரித்தது. மனிதர்கள் வாய் திறக்கத் தேவையில்லாத ஒரு விளையாட்டை இத்தனை நாளாக எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

போட்டி நெருங்கியபோது சென்னையிலிருந்து வர வேண்டிய அளவுப்பலகைகள் வரவில்லை. பார்சல் வேப்பூரில் இறங்காமல் நேராகத் திருச்சிக்குப் போய்விட்டது. தமிழ்ச்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டு தர்மராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ப்ளைவுட்டு வாங்கித் தரேங்க. கோடு மட்டும் நீங்க போட்டுக் குடுத்தீங்கன்னா...”

ஊர் நம்பாதது அவர் வாயைத்தான். கையை நம்பும். தர்மராஜ் போட்ட கோட்டைச் சரிபார்க்கிறவன் சூரியன் கிழக்கில் உதிக்கிறதா என்றும் சரிபார்ப்பான் என்று கம்பெனியில் பேச்சு இருந்தது. (அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் தர்மராஜ்தான்.) அவர் தகரப்பெட்டியைத் திறந்து, வேலை பார்த்த காலம் முழுவதும் கைக்குள் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். பலகைகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஒரு முனையில் மீனின் மூக்கு முட்டி நிற்க ஒரு கட்டையும் வைத்து, முடியளவு மெல்லிய கறுப்புக் கோடுகளாக இழுத்தார்.

மனைவி தங்கம்மாள் காபியோடு வந்து நின்று பார்த்தாள்.

“பலகையிலயாவது உள்ளத உள்ளபடி போடுங்க.”

“கை பொய் சொல்லாதுடி.”

“வாயும் கையும் ஒரே ஒடம்புலதான இருக்குது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போட்டி நாளில் ஏரிக்கரை தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. புதுச்சேரி, சேலம், பெங்களூர் என்று வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவன் சட்டையிலும் அத்தனை கம்பெனிப் பெயர். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட அவ்வளவு பெயர் இருக்காது. நடுவில் தர்மராஜ் கம்பெனியில் கொடுத்த பழைய காக்கிச் சட்டையோடும், நைனா முகம்மது மடித்துக் கட்டிய கைலியோடும் நின்றார்கள்.

முதல் மீன் நைனாவுக்குத்தான் விழுந்தது. பலகை ஐம்பது என்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதைக் கிடத்திப் பார்த்தபோது நாற்பத்து மூன்றுதான் காட்டியது.

“செல்லாதுங்க பாய்,” என்றார் தமிழ்ச்செல்வன்.

“தம்பி, நல்லாப் பாருப்பா. கையில கனமா இருந்துச்சே!”

“அது மீனு இல்ல பாய், நெத்திலி,” என்றார் தர்மராஜ். “வூட்டுக்கு எடுத்துட்டுப் போனா ஒன் சம்சாரம் ரஹ்மத் பீவி கருவாட்டுக் கொழம்புல போடுவாங்க.”

“நீ ஒண்ணும் புடிக்கலியே, அத மொதல்ல பாருய்யா.”

அன்றைக்கு எல்லோருக்கும் அதே குறைதான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற மீன் பலகையில் கிடத்தியதும் சின்னதாகிவிட்டது. மழை பத்தவில்லை என்றார் ஒருவர். ஏரியில் தவளை குறைந்துவிட்டது, மீன் இளைத்துவிட்டது என்றார் இன்னொருவர். பலகையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. அல்லி இலைகளுக்கு நடுவே தர்மராஜின் ரப்பர் தவளை தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தது. திடீரென்று தண்ணீர் வாயைப் பிளந்தது. தவளையைக் காணோம். தடி வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. பிறகு நடந்ததைத் தர்மராஜ் சொல்கிறபடி எழுதினால் ஏரியில் பாதித் தண்ணீர் கரைக்கு வந்துவிடும். ஆகவே மீன் கரைக்கு வந்தது என்பதோடு விட்டுவிடலாம். ஆனால் ஒன்று நிஜம். ஈரச் சாக்கின்மேல் அது கிடந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் தூண்டிலை மறந்து சுற்றி வந்து குனிந்து பார்த்தார்கள். கறுத்த முதுகு, பாம்புத் தலை, அவசரமே இல்லாத கண். ‘அளந்து முடிச்சிட்டீங்களா?’ என்று கேட்பதுபோலக் கிடந்தது.

தர்மராஜ் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து மூக்கிலிருந்து வால் வரை வைத்துப் பார்த்தார். சரியாக மூன்று சாண். அவருடைய சாண் இருபத்திரண்டு சென்டிமீட்டர். கம்பெனிக்கு வெளியே எதை அளந்தாலும் அந்தக் கைதான் ஸ்கேல்.

“அறுபத்தாறு!” என்று கத்தினார். வாழ்நாளில் முதல்தடவையாக, கையில் இருந்ததற்கு மேல் ஒரு நூல்கூடச் சேர்க்காமல் சொன்ன எண்.

தமிழ்ச்செல்வன் மீனைப் பலகையில் கிடத்தினார். வாயை மூடி, மூக்கைக் கட்டையில் முட்டவைத்து, வாலை நீவிவிட்டார்.

“அறுபதுங்க அய்யா.”

நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“யா அல்லா! கரெக்டா பதினொண்ணுக்குப் பத்து! பலகைக்கே தெரிஞ்சு போச்சுய்யா ஒன் லட்சணம்!”

விருத்தாசலத்துக்காரர்கள் சிரித்தார்கள். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு பெங்களூர்க்காரர்களும் சிரித்தார்கள். மீனை ஏரியில் விட்டார்கள். அதுவும் வாலை ஆட்டிய ஆட்டலில் சிரிப்பது மாதிரிதான் இருந்தது.

தர்மராஜ் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் நகர்ந்ததும் பலகைமேல் கையை விரித்து வைத்தார். சுண்டுவிரல் இருபதில் நின்றது. மறுபடி வைத்தார். இருபதுதான். வயசானால் ஆள் குறுகுவான் என்பார்கள், கையுமா குறுகும்?

அப்போதுதான் உறைத்தது. தகரப்பெட்டி. ஸ்டீல் ஸ்கேல். அது கடையில் விற்கிற ஸ்கேல் இல்லை. பீங்கான் வேலைக்கென்றே செய்த சுருக்க ஸ்கேல். அதில் பத்து என்று போட்டிருக்கும் இடம் நிஜத்தில் பதினொன்று. அதை வைத்துச் செய்தால் சுட்ட பிறகு அளவு சரியாக வரும். பணியில் இருந்த காலம் முழுக்க அவர் செய்த எல்லாமே சூளைக்குப் போனவை. சூளைக்குப் போகாத ஒன்றுக்கு அவர் கை முதல்முறையாகக் கோடு இழுத்தது இப்போதுதான். கை தன் பழக்கத்துக்குப் போய் அந்த ஸ்கேலையே எடுத்துவிட்டது. மீனைச் சுட்டா எடுக்கப் போகிறார்கள்?

அப்படியானால் அவருடைய மீன் அறுபத்தாறுதான். சந்தோஷம் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அவருடைய மீன் மட்டுமா வளரும்? நைனாவின் ஐம்பது ஐம்பத்தைந்தாகும். செல்லாது என்று விட்ட நாற்பத்து மூன்று, நாற்பத்தேழைத் தாண்டிச் செல்லுபடியாகிவிடும். இரண்டும் சேர்ந்தால் நூறுக்கு மேல். இப்போதைய கணக்கில் அறுபதோடு தர்மராஜ்தான் முதல். இரண்டு மீன் செல்லுபடியானவன் கரையில் ஒருத்தனும் இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கோப்பை அவருக்கு. வாயைத் திறந்தால் எண் அவருக்கு, கோப்பை நைனாவுக்கு. அதுவும் யாருக்கு? அந்தக் கழிவையே கண்டுபிடித்தவனுக்கு.

விசில் ஊதும் வரை தர்மராஜ் தூண்டிலை வெறுமனே வீசி வீசி இழுத்துக்கொண்டிருந்தார். டிவிமேல் அந்தக் கோப்பை உட்காருவதைப் பார்த்தார். அதன் அடியில் ‘60’ என்று பொறித்திருப்பதையும் பார்த்தார். தங்கம்மாள் தினமும் துடைக்கும்போது அந்த அறுபதும் பளபளக்கும். ஊர் கழித்தது போதாதென்று அவரே கழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

மைக்கில் தமிழ்ச்செல்வன் குரல் வந்தது.

“முதல் பரிசு, அறுபது சென்டிமீட்டர், விருத்தாசலம் தர்மராஜ் அய்யா!”

தர்மராஜ் மேடைக்குப் போனார். மைக்கை வாங்கினார்.

“அறுபது இல்லீங்க. அறுபத்தாறு.”

ஏரிக்கரையே அதிர்ந்தது. அத்தனை சிரிப்பு. கொக்குகள் எழும்பிச் சேத்தியாத்தோப்புப் பக்கம் பறந்துவிட்டன. “வுட மாட்டாரு போலக்குதே!” என்று யாரோ கத்தினார்கள். அவர் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

“என் மீனு மட்டும் இல்லீங்க. எல்லார் மீனும் பெருசு. பலகைதான் தப்பு. சுருக்க ஸ்கேல வச்சுக் கோடு போட்டுட்டேன். பாயோட ரெண்டாவது மீனு செல்லும். அப்படிப் பாத்தா கப்பு பாய்க்குத்தான் போவணும்.”

சிரிப்பு பாதியில் அறுந்தது. தன்னையே தோற்கடிக்கிற புளுகை எவனும் அவிழ்த்துவிடுவதில்லை என்று கூட்டத்துக்கு மெல்லப் புரிந்தது. நைனாவுக்கு மட்டும் புரியவில்லை.

“என்னாய்யா, புது ரீலா?” என்றபடி மேடை ஏறி, பையிலிருந்து கடை டேப்பை எடுத்துப் பலகைமேல் விரித்தார். பலகையின் ஐம்பதுக்கு நேரே டேப்பில் ஐம்பத்தைந்து இருந்தது. குனிந்து பார்த்தவர் நிமிர நேரமானது.

“அறுபத்தாறுதான்,” என்றார், மைக் இல்லாமல். “எதுவும் கழிக்க வேணாம்.”

தமிழ்ச்செல்வன் படங்களை எல்லாம் எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். நைனாவுக்கே கோப்பை. தன் மீன் வளர்ந்துவிட்டது என்பதால் தோற்றவர்களுக்கும் சந்தோஷம். சேலத்துக்காரர் ஒருவர் தர்மராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும்போது நைனா வண்டி ஓட்ட, தர்மராஜ் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். வழக்கமான டீக்கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரர் விருத்தகிரி கோப்பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பெரியவரே, ஒங்களுக்கு எத்தினி?”

“அறுபத்தாறு,” என்றார் தர்மராஜ்.

விருத்தகிரி வழக்கம்போல நைனாவைப் பார்த்தார், கழிவு எவ்வளவு என்று.

“அறுபத்தாறுதான்யா. நானே அளந்தேன்.”

“அப்படிங்களா,” என்றார் விருத்தகிரி. அவ்வளவுதான். டீயை ஆற்றப் போய்விட்டார்.

தர்மராஜ் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் வகுக்கவில்லை. ‘அப்புறம் என்னாச்சு?’ என்று கேட்க ஒருத்தன் இல்லை. இத்தனை வருஷம் ஏங்கிய எண் முழுசாக வந்து, மேசைமேல் ஈ மொய்க்காமல் உட்கார்ந்திருந்தது. சூளையைப் பார்க்காத பச்சைப் பிள்ளையார் மாதிரி. அளவு எல்லாம் சரி, ஆனால் தட்டினால் ஓசை இல்லை.

டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். மண்ணைச் சுட்டால் சுருங்கும் என்று தெரிந்தவன் பெரிதாகத்தானே செய்வான்? அதை யாராவது பொய் என்பார்களா? கேட்கிற காதும் ஒரு சூளைதான். உள்ளே போகிற எதையும் கொஞ்சம் சுருக்காமல் விடாது. பதினொன்று சொன்னால்தான் பத்து போய்ச் சேரும். ஆக, வாயாலும் அவர் சரியான ஸ்கேலைத்தான் பிடித்து வந்திருக்கிறார். ஏரிக்கரையில் நேராகச் சொன்னதுதான் தப்பு. எழுபத்து மூன்று என்று சொல்லியிருந்தால் கரையே சேர்ந்து அறுபத்தாறுக்கு இறக்கியிருக்கும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பாய், ஒண்ணு சொல்ல வுட்டுப்போச்சு. இதுக்கு முன்னாடி ஒண்ணு கவ்விச்சு. தூண்டில் நரம்ப அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. தல மட்டுந்தான் பாத்தேன். எப்படியும் எழுபத்தேழு இருக்கும்.”

விருத்தகிரி டீ ஆற்றுவதை நிறுத்தினார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். நைனா முகம்மது கோப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மீசைக்குள் சிரித்தார்.

“எழுபது,” என்றார்.

“சரி, எழுபதே வச்சிக்க,” என்று தர்மராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “இப்ப கேளு, அது எப்படிக் கவ்விச்சுன்னு...”